ரெட்ரோவில் மேனேஜர் உட்காரலாமா?

தரமணி_வாசி:

வணக்கம் நண்பர்களே. ஒரு விஷயத்துல உங்க அனுபவம் வேணும்.

எங்க டீம்ல ஒன்பது பேர். இன்சூரன்ஸ் கிளையன்ட், ரெண்டு வார ஸ்பிரிண்ட் (வேலையைப் பிரிச்சுச் செய்ற ஒரு சுற்று). ரெட்ரோ, அதாவது ஸ்பிரிண்ட் முடிவுல எது சரியா நடந்துச்சு, எது நடக்கலன்னு பேசுற கூட்டம், இதுவரைக்கும் நாங்களும் ஸ்க்ரம் மாஸ்டரும் (இந்த முறை சரியா நடக்குதான்னு பார்த்துக்கிறவர்) உட்கார்ந்து பேசுறதா இருந்துச்சு. எதைச் செய்யணும்னு முடிவு பண்ற புராடக்ட் ஓனர் கிளையன்ட் பக்கம் இருக்காங்க, முடிஞ்சா வருவாங்க. போன குவார்ட்டர் புதுசா வந்த டெலிவரி மேனேஜர், "நான் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன், நீங்க பாட்டுக்குப் பேசுங்க"ன்னு சொல்லி ஒவ்வொரு ரெட்ரோவுக்கும் வர்றார். நல்ல மனுஷன். அவர் குரலை உயர்த்தி யாரும் பார்த்ததில்ல.

ஆனா ரெட்ரோவுல நாங்க குறைகளை எழுதி ஒட்டுற போர்டு மாறிப்போச்சு. முன்னாடி "யுஏடி (கிளையன்ட் தரப்புச் சோதனை) டேட்டா வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கைக்கு வருது, திங்கட்கிழமை காலையில சைன்-ஆஃப் கேட்கிறாங்க"ன்னு ஒரு ஸ்டிக்கி இருக்கும். "நாங்க எட்டு பாயின்ட்னு சொன்ன ஸ்டோரி பிளான்ல அஞ்சுன்னு போயிருக்கு, யார் மாத்துனது?"ன்னு ஒண்ணு இருக்கும் (ஸ்டோரின்னா ஒரு வேலைத் துண்டு, பாயின்ட்னா அதோட அளவு). இப்ப என்னன்னா "டீம் ஒத்துழைப்பு அருமை", "டாக்குமென்டேஷனை இன்னும் மேம்படுத்தலாம்". போன தடவை மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே வரியை எழுதியிருந்தாங்க. எங்க அப்ரைசல் எழுதுறதும் அவர்தான்.

ஸ்க்ரம் மாஸ்டர்கிட்ட கேட்டா, "வராதீங்கன்னு நான் எப்படிச் சொல்றது"ங்கிறார். பூனைக்கு மணி கட்ட ஆள் இல்ல. அவர் வர்றது சரியா? சரியில்லன்னா அதை மரியாதையா எப்படிச் சொல்றது?

ஸ்க்ரம்_கோவை:

முதல்ல விதி என்ன சொல்லுதுன்னு பார்த்துடலாம். ஸ்க்ரம்ங்கிற இந்த வேலை முறையை உருவாக்கின கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் 2020 நவம்பர்ல வெளியிட்ட ஸ்க்ரம் கைடு படி, ஸ்க்ரம் டீம்னா மூணே பொறுப்புதான்: புராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள். டெஸ்டர்களும் டெவலப்பர்கள் கணக்குலதான் வருவாங்க. பொதுவா பத்து பேருக்குள்ள. மேனேஜர்னு ஒரு பொறுப்பே அதுல கிடையாது. வெளியாட்களைக் கூப்பிட்டுக் காட்டுற இடம் ஸ்பிரிண்ட் ரிவ்யூ. ரெட்ரோ டீம் தன்னைத்தானே பார்த்துக்கிற இடம். ஒரு மாச ஸ்பிரிண்ட்டுக்கு அதிகபட்சம் 3 மணி நேரம்னு அளவு, ரெண்டு வாரத்துக்கு அதைவிடக் குறைவா போதும்.

அதனால கைடு படி அவருக்கு அங்க இடம் இல்ல. ஆனா தம்பி, இதை பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போய் அவர் மேஜையில வெச்சா காரியம் கெடும். சட்டம் பேசி ஜெயிச்சா அடுத்த நாள் அவரோட முகத்தைப் பார்த்து வேலை செய்யணும்ல. காரணம் பேசணும்.

டெலிவரி_மேனேஜர்_ஒருவன்:

மேனேஜர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

ரெட்ரோவில் வரும் பிரச்சினைகளில் பாதி, டீமால் தீர்க்க முடியாதவை. டெஸ்ட் என்விரான்மென்ட் நாலு டீமுக்கு ஒன்றுதான். கிளையன்ட் விபிஎன் காலையில் படுத்துவிடுகிறது. லைசென்ஸ் போதவில்லை. ரிலீவ் ஆன ஆளுக்கு மாற்று வரவில்லை. இதையெல்லாம் யார் போய் வாதாடி வாங்கி வருவது? நான்தான். கூட்டத்தில் நான் இல்லாவிட்டால் எனக்கு வந்து சேருவது எக்செல் ஷீட்டில் ஒரு வரி: "என்விரான்மென்ட் நிலையாக இல்லை." இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இன்ஃப்ரா டீமிடம் என்ன பேசுவது? எந்த நாள், எத்தனை மணி நேரம், யாருடைய வேலை நின்றது என்று கேட்பார்கள். அந்தக் கதை கூட்டத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று. புரொடக்‌ஷனில் ஏதாவது உடைந்தால் கிளையன்ட் வி.பி. அழைப்பது என்னைத்தான். என் டீமுக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது என்று நான் அவரிடம் சொல்ல முடியாது. டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோ மேலாளர்களைத் தொழிற்சாலைத் தளத்துக்குத்தான் போகச் சொன்னார். அறையில் உட்கார்ந்து அறிக்கை படிக்கச் சொல்லவில்லை. லீன், அஜைல் (ஸ்க்ரம் அதில் ஒரு வகை) எல்லாம் அங்கிருந்து எடுத்துக்கொண்டது நிறைய. மேனேஜரை வெளியே நிறுத்துவது மட்டும் எப்படி அஜைல் ஆகும்?

கியூஏ_அக்கா:

சார், நீங்க சொன்ன என்விரான்மென்ட் கதை உண்மைதான். ஆனா முதல்ல டொயோட்டா.

ஓனோ தளத்துக்குப் போகச் சொன்னது வேலையைப் பார்க்க. நீங்க வேலையைப் பார்க்கணும்னா தினமும் நடக்கிற ஸ்டாண்டப் கூட்டத்துக்கு வாங்க, என்னோட பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து ரிக்ரெஷன் (பழைய வசதிகள் உடையலன்னு பார்க்கிற டெஸ்ட்) ஓடுறதைப் பாருங்க, சந்தோஷமா காட்டுறேன். ரெட்ரோவுல வேலை நடக்கல. அங்க மனுஷங்க ஒருத்தரைப் பத்தி ஒருத்தரும், உங்களைப் பத்தியும் பேசுறாங்க. அதே டொயோட்டாவுல ஆண்டான் கயிறுன்னு, கோளாறு தெரிஞ்சா இழுக்கிற கயிறு ஒண்ணு இருக்கே, அதை இழுக்கிறது யார்? லைன்ல நிக்கிற தொழிலாளி. அவர் இழுத்ததும் டீம் லீடர் ஓடி வர்றார். கூப்பிட்டதும் வர்றார்ங்கிறதைக் கவனிங்க.

நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனியில நடந்தது. ரிலீஸுக்கு முன்னாடி ரிக்ரெஷனுக்கு ரெண்டு நாள் பிளான்ல இருந்துச்சு, டெவலப்மென்ட் இழுத்துக்கிட்டுப் போனதால அரை நாளாச்சு. ஒரு பொண்ணு மஞ்சள் ஸ்டிக்கியில எழுதுச்சு: "அரை நாள்ல டெஸ்ட் பண்ணச் சொன்னா நாங்க எதை விடணும்னும் சொல்லிடுங்க." ரொம்ப நியாயமான வரி. மேனேஜர் அதை எடுத்துப் படிச்சுட்டு, சிரிச்ச முகத்தோட, "இது யார் எழுதினது? தெரிஞ்சுக்கத்தான் கேட்கிறேன்"னார். கோபமே இல்ல. நிஜமாவே விவரம் கேட்கத்தான் கேட்டிருக்கலாம். அந்தப் பொண்ணு பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கிட்டே இருந்துச்சு. நான் "பொதுவா கியூஏ (டெஸ்டிங்) சைடுல இருந்து சார்"னு சொல்லி முடிச்சுட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு கையெழுத்துல அந்தப் போர்டுல ஒரு குறையும் வரல. ரிக்ரெஷனுக்கு அரை நாள்ங்கிறதும் மாறல.

ரேட்டிங் சமயத்துல என்ன நடக்கும்னு வெளிய பேசமாட்டாங்க, நான் சொல்றேன். நார்மலைசேஷன்னு, எல்லார் ரேட்டிங்கையும் ஒப்பிட்டுச் சரிபண்ண மேனேஜர்கள் உட்காருவாங்க. பெல் கர்வ்ல இத்தனை பேரைக் கீழ தள்ளியே ஆகணும். எல்லாரும் ஒரே மாதிரி வேலை செஞ்சிருக்காங்க. அப்ப யாரைத் தள்ளுறதுன்னு யோசிக்கும்போது, மனசுல எது ஒட்டிக்கிட்டிருக்கோ அதுதான் பேசும். ரெட்ரோவுல கேட்ட ஒரு வரி "ஆட்டிட்யூட் கொஞ்சம் நெகட்டிவ்"னு மாறும். சொன்னவருக்கே தான் அதை எங்க இருந்து எடுத்தோம்னு தெரியாது. உள்ள உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தருக்கும் இது தெரியும். அதனால "சும்மா கேட்கிறேன்"னு சொல்ற மேனேஜர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும், அவர் காதுக்கும் அப்ரைசல் ஃபார்முக்கும் நடுவுல சுவர் இல்ல.

வைகைக்கரை:

அக்கா சொன்னதுக்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. பிக்ஸார்ல 'பிரெயின்டிரஸ்ட்'னு ஒரு கூட்டம். படம் பாதி தயாரான நிலையில மத்த இயக்குநர்கள் பார்த்துட்டு ஓட்டை எங்கெங்கன்னு நேருக்கு நேர் சொல்ற இடம். ஸ்டீவ் ஜாப்ஸ்தான் அந்த ஸ்டுடியோவோட முதலாளி. ஆனா அந்தக் கூட்டத்துல அவர் உட்காரமாட்டார். அவர் இருந்தா மத்தவங்க மனசு விட்டுப் பேசமாட்டாங்கன்னு ஸ்டுடியோவோட தலைவர் எட் கேட்மல் கருதினார், ஜாப்ஸும் அதை ஏத்துக்கிட்டார். ஜாப்ஸே வெளிய இருந்திருக்கார், நம்ம டெலிவரி மேனேஜர் ஒரு மணி நேரம் வெளிய இருக்கலாம்.

கோபோல்_காலத்தவர்:

நல்ல விவாதம். நான் மெயின்ஃப்ரேம் காலத்து ஆள். அஜைல் என்ற பேச்சு எங்கள் காதுக்கு வரும் முன்பே இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறோம். ஆனால் இதற்கு மிகத் தெளிவான விடை கிடைத்தது நம் துறையில் இல்லை, விமானத் துறையில். சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ 514 என்ற விமானம் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கும்போது வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். தரைக் கட்டுப்பாட்டிலிருந்து வந்த அனுமதியைத் தவறாகப் புரிந்துகொண்டு விமானி சீக்கிரமே கீழே இறங்கிவிட்டார். விசாரணையில் தெரிந்தது என்ன தெரியுமா? சுமார் ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தில் மாட்டி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளுக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்பியது. மற்றவர்களுக்குச் சொல்லும் வழி இல்லை.

இதன் பிறகு, தவறுகளைத் தாங்களாகவே சொல்லும்படி விமானிகளுக்கு 1975-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்கு அமைப்பான எஃப்ஏஏ. அதில் ஒரு சிக்கல். விமானியின் உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் அதே எஃப்ஏஏவிடம்தான் இருந்தது. அவர்களிடம் போய் யார் உண்மையைச் சொல்வார்? தண்டிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தும் நம்பிக்கை வரவில்லை. ஆகவே 1976-இல் அந்தப் பொறுப்பை நாசாவிடம் கொடுத்தார்கள். நாசாவுக்கு உரிமம் கொடுக்கவும் அதிகாரம் இல்லை, பறிக்கவும் இல்லை. அறிக்கை வந்ததும் பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, விஷயத்தை மட்டும் எல்லோருக்கும் அனுப்புவார்கள். ஏஎஸ்ஆர்எஸ் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

எஃப்ஏஏ அதிகாரிகள் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. உரிமம் யார் கையில் இருக்கிறதோ அவர் காதில் உண்மை முழுதாக விழாது, அவ்வளவுதான். தரமணி நண்பரின் மேனேஜர் நல்ல மனிதர் என்கிறார், நானும் நம்புகிறேன். ஆனால் அப்ரைசலும் அவர் கையில், ரெட்ரோவும் அவர் காதில் என்றால் குணம் அங்கே உதவாது.

மருத்துவமனைகளில் ஆய்வாளர் ஏமி எட்மன்ட்சன் செய்து 1996-இல் வெளியான ஆய்வும் இதைத்தான் காட்டியது. நல்ல தலைமை உள்ள வார்டுகளில் மருந்துத் தவறுகள் குறைவாகப் பதிவாகும் என்று எதிர்பார்த்தார். பதிவானதோ அதிகம். அங்கே தவறுகள் கூடுதலாக நடந்ததால் அல்ல, நர்ஸுகள் மறைக்காமல் பேசியதால்தான் என்பது அவர் கண்ட விளக்கம். உங்கள் போர்டில் புகார் குறைந்திருக்கிறது என்றால் மேனேஜர் அதைப் பார்த்து மகிழக் கூடாது, கவலைப்பட வேண்டும்.

சிங்கை_வாசகன்:

கோபோல் ஐயா, உங்கள் உதாரணம் மனதில் நிற்கிறது. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 1970-களில் அமெரிக்க ராணுவம் 'ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவ்யூ' என்ற முறையைக் கொண்டுவந்தது. பயிற்சி முடிந்ததும் சிப்பாயும் அதிகாரியும் ஒன்றாக உட்கார்ந்து என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன் என்று பேசுவார்கள். அங்கே அதிகாரி கட்டாயம் இருப்பார். அவர் எடுத்த முடிவை அவர் முன்னாலேயே சிப்பாய்கள் அலசுவார்கள். ராணுவத்தைவிடப் படிநிலை கூடிய இடம் ஏது? அங்கேயே முடிகிறதே.

பெரிய பயிற்சி மையங்களில் கூட்டத்தை நடத்துபவர் அந்தப் படையின் அதிகாரி அல்ல, வெளியிலிருந்து வரும் பார்வையாளர். அந்தக் கூட்டத்தில் பேசியதை மதிப்பெண் போடப் பயன்படுத்துவதில்லை என்பதும் அந்த முறையின் அடிப்படை. ஆக, மேனேஜர் இருப்பதே பிரச்சினை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் இப்போது இருக்கும் புராடக்ட் டீமில் இன்ஜினியரிங் மேனேஜர் ரெட்ரோவுக்கு வருகிறார், எங்களோடு ஆன்கால் போகிறார், ராத்திரி மூன்று மணிக்கு பேஜர் அடித்தால் அவரும் எழுந்துகொள்கிறார். அவர் இல்லாத ரெட்ரோவில் பாதிக் கதைதான் இருக்கும்.

கியூஏ_அக்கா:

உங்க மேனேஜர் டீம்ல ஒரு ஆள் மாதிரி வேலை செய்றார், அது வேற. சர்வீஸ் கம்பெனி டெலிவரி மேனேஜர் மூணு நாலு அக்கவுன்ட் பார்க்கிறவர். கோடும் எழுதுறதில்ல, டெஸ்ட்டும் பண்றதில்ல. ரெண்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

டெலிவரி_மேனேஜர்_ஒருவன்:

விமானி உதாரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ரேட்டிங் எழுதும் பொறுப்பை நான் விட்டுவிடவும் முடியாது, அது என் வேலை. அப்படியென்றால் கூட்டத்தில் முழு நேரமும் நான் இருப்பது சரிவராது என்ற இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம்.

ஆனால் ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். மேனேஜர் இல்லாத ரெட்ரோவில் எல்லாப் பழியும் அவர் தலையில் விழுகிறது. தரமணி நண்பர் எழுதிய எட்டு பாயின்ட், அஞ்சு பாயின்ட் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது என்னைப் போன்ற ஒருவன் தானாக மாற்றியதாக இருக்காது. கிளையன்ட் அந்த ஸ்டோரியில் ஒரு பகுதியை வெட்டியிருப்பார், வெட்டியது டீமுக்கு வந்து சேர்ந்திருக்காது. பதில் தெரிந்தவன் அறைக்கு வெளியே நிற்கிறான், உள்ளே இருப்பவர்கள் ஆளாளுக்கு ஊகிக்கிறார்கள். அது மாதக்கணக்கில் மனக்கசப்பாக ஊறுகிறது. இதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

ஸ்க்ரம்_கோவை:

இருக்கு சார். எங்க டீம்ல இப்ப நடத்துற முறையைச் சொல்றேன்.

ரெட்ரோ ஒன்றரை மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல டீம் மட்டும். கடைசி இருபது நிமிஷத்துக்கு மேனேஜரைக் கூப்பிடுவோம். அவர் முன்னாடி வைக்கிறது மூணு விஷயத்துக்கு மேல போகக் கூடாது. ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் இருக்கணும். உதாரணத்துக்கு, "என்விரான்மென்ட் சரியில்ல"ன்னு எழுதமாட்டோம். "இந்த ஸ்பிரிண்ட்ல செவ்வாய் மதியத்திலிருந்து புதன் காலை வரைக்கும் யுஏடி சர்வர் கிடைக்கல, இந்த ரெண்டு ஸ்டோரி அதனால நின்னுச்சு, ஜிரா (வேலைப் பதிவு மென்பொருள்) நம்பர் இது"ன்னு எழுதுவோம். இதை வெச்சுக்கிட்டு அவர் இன்ஃப்ரா டீம்கிட்ட சண்டை போடலாம். அவர் ஒவ்வொண்ணுக்கும் முடியும், முடியாது, இந்தத் தேதிக்குள்ள பார்க்கிறேன்னு ஏதாவது ஒண்ணு சொல்லணும். "முடியாது"ன்னு சொன்னா காரணத்தையும் சொல்லணும். நீங்க சொன்ன ஸ்கோப் வெட்டுன கதையெல்லாம் அந்த இருபது நிமிஷத்துலதான் வெளிய வரும், ஊகம் அங்கேயே முடிஞ்சுடும். அடுத்த ரெட்ரோ ஆரம்பிக்கும்போது முதல் வேலை, போன தடவை அவர்கிட்ட கொடுத்த மூணும் என்னாச்சுன்னு பார்க்கிறது.

டீம் தயாரா இல்லையான்னு தெரிஞ்சுக்க ஒரு பழைய முறை இருக்கு. துண்டுச் சீட்டுல 1 முதல் 5 வரை ஒரு நம்பர். 5-ன்னா எதையும் பேசுவேன், 1-ன்னா வாயே திறக்கமாட்டேன். ஸ்க்ரம் மாஸ்டர் எண்ணிச் சொல்லிட்டு அங்கேயே கிழிச்சுப் போட்டுடணும். மேனேஜர் இருக்கும்போது ஒரு தடவை, இல்லாதப்ப ஒரு தடவை எடுத்துப் பாருங்க. ரெண்டு தடவையும் நம்பர் ஒண்ணா இருந்தா அவர் முழுசா உட்காரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆன்லைன் போர்டுல பேர் மறைச்சு எழுதலாம்னு நம்பி இருக்காதீங்க. ஆறேழு பேர் இருக்கிற டீம்ல யார் எழுதினதுன்னு வார்த்தையிலேயே தெரிஞ்சுடும். டேட்டாபேஸ் பத்தி எழுதுறவர் ஒருத்தர்தான் இருப்பார்.

வைகைக்கரை:

அந்த மூணு விஷயம் என்னாச்சுன்னு பார்க்கிறதுதான் இதுல உயிர். மேனேஜர் வந்ததால செத்த ரெட்ரோவைவிட, எதுவும் நடக்காததால செத்த ரெட்ரோ எனக்கு அதிகம் தெரியும். 2017 ஸ்க்ரம் கைடுல ரெட்ரோவுல முடிவான ஒரு முன்னேற்றத்தையாவது அடுத்த ஸ்பிரிண்ட் பேக்லாக்ல (வேலைப் பட்டியல்ல) கட்டாயம் சேர்க்கணும்னு இருந்துச்சு. 2020-ல அதை சேர்க்கலாம்னு தளர்த்திட்டாங்க. நான் அந்தப் பழைய விதியை விடல.

தரமணி_வாசி:

எல்லாருக்கும் நன்றி. இருபது நிமிஷ யோசனை டீம்ல எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. மேனேஜர் சார், உங்ககிட்டயே கேட்கிறேன். உங்க டீம் உங்ககிட்ட இதை எப்படிச் சொன்னா உங்களுக்கு உறுத்தாது?

டெலிவரி_மேனேஜர்_ஒருவன்:

"வராதீர்கள்" என்று ஆரம்பித்தால் எந்த மேனேஜருக்கும் உறுத்தும். என்னை ஒதுக்குகிறார்கள், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். எப்போது வரவேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக் கேட்டிருந்தால் நான் உடனே சரி என்றிருப்பேன்: "சார், ரெட்ரோவுல உங்க முடிவு வேண்டிய விஷயமும் எங்களுக்குள்ள பேசித் தீர்க்க வேண்டியதும் கலந்து போகுது. முதல்ல நாங்க பேசிப் பிரிச்சுடுறோம். நாலரை மணிக்கு நீங்க வந்தா, உங்களால மட்டும் ஆகிற மூணு விஷயத்தை ஆதாரத்தோட வைக்கிறோம். மூணு ஸ்பிரிண்ட் இப்படிப் பார்க்கலாமா?" சோதனையாகச் செய்து பார்க்கலாம் என்றால் மறுப்பது கடினம். காலண்டர் அழைப்பை நாலரை மணிக்கே தனியாக அனுப்பிவிடுங்கள். பழைய அழைப்பில் என் பெயர் இருந்தால் நான் பழக்கத்தில் ஆரம்பத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுவேன்.

இதை ஸ்க்ரம் மாஸ்டர் தனியாக வந்து சொல்லட்டும். டீம் முழுக்கக் கூடி நின்று சொல்ல வேண்டாம். அப்ரைசல் மாதத்தில் சொல்ல வேண்டாம், இப்போதே சொல்லுங்கள்.

ஃப்ரெஷர்_2024:

அக்கா, அண்ணன்களே, எனக்கு ஒரு சந்தேகம். எங்க ரெட்ரோவுக்கு மேனேஜர் வர்றதே இல்ல. ஆனா மைக்ரோசாஃப்ட் டீம்ஸ்ல ரெக்கார்ட் ஆகுது. மினிட்ஸும் கம்பெனி ஆவணத் தளமான கான்ஃப்ளுயன்ஸ்ல பேரோட போடுறாங்க. எங்க லீடும் வருஷக் கடைசியில மேனேஜருக்கு எங்களைப் பத்தி ஃபீட்பேக் கொடுப்பார். இதுவும் அவர் உட்கார்ந்திருக்கிற மாதிரிதானே?

கியூஏ_அக்கா:

அதைவிட மோசம்மா. உட்கார்ந்திருந்தா முகத்தையாவது பார்த்துப் பேசலாம். ரெக்கார்டிங்கை ஆறு மாசம் கழிச்சு யார் திறந்து பார்ப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது.

அடுத்த ரெட்ரோவுல "ரெக்கார்டிங் வேணாமே, மனசு விட்டுப் பேசலாம்"னு ஸ்க்ரம் மாஸ்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லு. ரெக்கார்டிங்கை நிறுத்தினா போதாது, டிரான்ஸ்க்ரிப்ட் தனியா ஓடுதான்னும் பார்க்கச் சொல்லு. இப்ப மீட்டிங் சுருக்கம் தானா எழுதி மெயில்ல அனுப்புற வசதியும் வந்துடுச்சு, அதுல யார் என்ன சொன்னாங்கன்னு பேரோட வரும். அதையும் அணைச்சுடணும். கான்ஃப்ளுயன்ஸ்ல போக வேண்டியது முடிவு, அதை எடுத்துச் செய்றவர் பேர், தேதி, இந்த மூணும்தான். குறையைச் சொன்னது யார்ங்கிறது அங்க போகவே கூடாது. போர்டு போட்டோவும் வேணாம்.

லீட் டீம்ல ஒருத்தர், அவரை வெளிய போகச் சொல்ல முடியாது. ஆனா கூட்டம் ஆரம்பிக்கும்போது "இங்க பேசுறதை நான் ஃபீட்பேக்ல எழுதமாட்டேன்"னு அவர் வாயால சொல்லட்டும். கேட்கிறதுக்குச் சங்கடமா இருந்தா ஸ்க்ரம் மாஸ்டரைக் கேட்கச் சொல்லு. அவர் சொல்லத் தயங்கினா, நீ 1 முதல் 5 சீட்டுல என்ன நம்பர் எழுதணும்னு உனக்கே தெரிஞ்சுடும்.